பெரிய பாதையா, சின்னப் பாதையா, புல்மேடா: சபரிமலைக்கு எந்த வழி?

எருமேலியிலிருந்து காட்டுக்குள் போகும் பெரிய பாதை கஷ்டம், பம்பையிலிருந்து ஏறும் சின்னப் பாதை லேசு, சத்திரம் என்ற ஊரிலிருந்து வரும் புல்மேடு பாதை பெரும்பாலும் இறக்கம் என்பதால் அதைவிட லேசு. மாலை போட்ட கையோடு எந்த வழி என்ற பேச்சு வந்தால் குழுவில் இப்படித்தான் தீர்ப்பு வரும். முதல் இரண்டும் ஓரளவு சரி. மூன்றாவதை நம்பிப் போன சாமிகள்தான் அந்த வழியின் கடைசியில் வரும் உரல்குழி தீர்த்தத்தில் முழங்காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கிலோமீட்டரை வைத்து வழியை முடிவு செய்யாதீர்கள். எருமேலியிலிருந்து சன்னிதானத்துக்கு 40 என்பார் ஒருவர், 48 என்பார் இன்னொருவர், 61 என்று அச்சடித்ததும் உண்டு. வனத்துறை எத்தனை மணிக்கு வழியை மூடுகிறது, குழுவில் மெதுவாக நடக்கும் சாமி யார், திரும்பும்போது வண்டி எங்கே நிற்கும்: இவற்றுக்குப் பதில் தெரிந்தால் வழி தானாகத் தெரிந்துவிடும்.

பெரிய பாதை

எருமேலியில் பேட்டை துள்ளி (உடம்பில் சாயம் பூசி ஆடும் சடங்கு) கிளம்பினால் பேரூர்த்தோடு சுமார் 4 கி.மீ., அங்கிருந்து காளைகட்டி சுமார் 10, இன்னும் 2 போனால் அழுதை நதி. அதுவரை பெரிய சோதனை இல்லை. அழுதைக் கடவிலிருந்து பம்பை வரை உள்ள 18 கி.மீ.தான் பெரிய பாதையின் உயிர். அழுதை மேடு, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரியிலந்தோடு, அப்புறம் கரிமலை, பெரியானை வட்டம், சிறியானை வட்டம். நன்றாக நடக்கும் குழுவுக்கே இதற்கு 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும்.

கால் கெடுவது பெரும்பாலும் அழுதையில்தான். நதியில் முங்கி, கல்லிடும் குன்றில் போடுவதற்குக் கூழாங்கல்லை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டு, ஈரக் காலோடு அப்படியே மேட்டில் ஏறிவிடுவார்கள். தண்ணீரில் ஊறிய பாதம் மெத்தென்று இருக்கும். முதல் வளைவிலேயே சரளைக்கல் அதில் பதிந்து, கரிமலை வருவதற்குள் கொப்புளம் உடைந்திருக்கும். குளித்ததும் விரலிடுக்கு வரை துண்டால் துடைத்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, பாதம் காய்ந்த பிறகு ஏறினால் இதில் பாதித் தொல்லை இல்லை.

கரிமலையில் ஏற்றத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். மூச்சு வாங்கினால் உட்காரலாம், பரவாயில்லை. இறக்கத்தில் வேரும் பாறையும் கலந்து கிடக்கும். தலையில் இருமுடி இருப்பதால் குனிந்து காலடியைப் பார்க்கவும் முடியாது. கம்பு இல்லாமல் இறங்க வேண்டாம். பின்முடியில், அதாவது இருமுடியின் பின்பக்கப் பையில், அரிசி, பருப்பு, வெல்லம் என்று எட்டு, பத்து கிலோ ஏற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வழியில் பழங்குடி மக்களும் உள்ளூர்க்காரர்களும் இருக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் கடைகளில் கஞ்சியும் சாயாவும் கிடைக்கும்போது அந்தச் சுமை எதற்கு? மொத்தம் 5 கிலோவுக்குள் நிறுத்துங்கள். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் வேண்டாம் என்று கோயிலை நிர்வகிக்கும் தேவசம் போர்டே 2024-இல் சொல்லிவிட்டது.

பழைய குருசாமிகளின் நேரக் கணக்கு இப்போது உதவாது. பெட்ரோமாக்ஸ் பிடித்து இரவெல்லாம் நடந்து, நினைத்த இடத்தில் விரி (இரவு தங்கும் இடம்) போட்ட காலம் போய்விட்டது. கொரோனாவில் மூடிக் கிடந்து 2021 கடைசியில் திறந்த பிறகு, பகலில்தான் காட்டுக்குள் விடுகிறார்கள். கோயிக்கக்காவு, அழுதைக் கடவு, முக்குழி என்று ஒவ்வொரு வாசலுக்கும் தனி நேரம், அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் முந்தின நாள் மாலையே பேட்டை துள்ளி எருமேலியில் தங்குங்கள். விடியலில் கிளம்பினால் முற்பகலில் அழுதை வந்துவிடும். அன்றைக்கு விரி அங்கேயே. மறுநாள் வாசல் திறந்ததும் ஏறினால் வெளிச்சம் இருக்கும்போதே பம்பை. நண்பகலுக்கு அழுதைக்கு வந்து 'அன்றைக்கே பம்பை' என்று அடம்பிடிக்கும் குழுவை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவு நடந்து வந்தவரும் பம்பையில் மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். 2024-25 பருவத்தில் காட்டு வழியாக வருவோருக்குத் தனி அட்டை கொடுத்தார்கள். கூட்டம் தாங்காமல் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதை எதிர்பார்த்துத் திட்டம் போட வேண்டாம்.

சின்னப் பாதை

பம்பையிலிருந்து சுமார் 5 கி.மீ. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அடிவார முகாம் நிலக்கல்லுக்கு மாறியது. அங்கிருந்து பம்பைக்கு அரசுப் பேருந்து. நீலிமலை, அப்பாச்சிமேடு, சபரிபீடம், மரக்கூட்டம், சரங்குத்தி என்று போவது ஒரு வழி. சுவாமி ஐயப்பன் ரோடு இன்னொன்று. தூரம் சற்றுக் கூடுதல், சாய்வு குறைவு, ஆனால் சரக்கு டிராக்டர் வரும், ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டும் மரக்கூட்டத்தில் சேரும். வயதானவர் இருந்தால் ஐயப்பன் ரோடுதான், போலீசார் அன்றைக்கு அதில் ஏற விட்டால்.

லேசான பாதை என்ற பெயர்தான் இங்கே ஆபத்து. இரவெல்லாம் வண்டியில் தூங்காமல் வந்து, பம்பையில் குளித்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, அடுத்த பத்தாவது நிமிடம் நீலிமலையின் செங்குத்தில் கால் வைப்பார்கள். உடம்பு சூடேறுவதற்குள் நெஞ்சுக்கு முழு வேலை. நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையமும் ஆக்சிஜன் பார்லரும் வைத்திருப்பது சும்மா இல்லை. இரண்டு மணி நேரமாவது படுத்து எழுந்து ஏறுங்கள். பிரஷர் மாத்திரையை விரதம் என்று நிறுத்தாதீர்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது. அவர் எத்தனை ஆண்டுச் சாமியாக இருந்தாலும் வெறுங்காலோடு காட்டு வழி வேண்டாம், சின்னப் பாதைதான் அவருக்கு வழி. முடியாவிட்டால் ஆட்கள் சுமக்கும் டோலியும் இங்கே கிடைக்கும்.

புல்மேடு

குமுளி வழியாக வரும் தேனி, கம்பம் பக்கத்துச் சாமிகளுக்கு இது வீட்டு வாசல் மாதிரி. வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் சத்திரம், அங்கிருந்து 12 கி.மீ. நடை. காலையில் யானை நிற்கிறதா என்று வனத்துறையினர் பாதையைப் பார்த்து வந்த பிறகுதான் ஆளை எண்ணி உள்ளே விடுவார்கள். மதியத்தோடு வாசல் மூடிவிடும்.

சீதைக்குளம் தாண்டி, புல்மேடு வரை வெட்டவெளி. மழை இல்லாத நாளில் காட்சிக்கு மூன்று பாதைகளில் இதற்கு ஈடில்லை. ஆனால் நிழல் கிடையாது. தண்ணீர் நினைத்த இடத்தில் கிடைக்காது, ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. புல்மேட்டுக்குப் பிறகு காட்டுக்குள் விடாத இறக்கம். தொடை நடுங்கத் தொடங்கியதும் முழங்கால்தான் ஒவ்வொரு அடியையும் தாங்கும். குறுக்காக, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். ஓடி இறங்கும் இளவட்டத்தைப் பார்த்து வேகம் கூட்ட வேண்டாம். கார்த்திகை மழையில் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் கட்டாயம்.

முதல் முறை வரும் கன்னிச்சாமி இருக்கும் குழு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த வழி உரல்குழி, பாண்டித்தாவளம் என்று சன்னிதானத்தின் மறுபக்கமாக வந்து சேர்கிறது. பம்பைக் குளியல் இல்லை, கணபதி கோயில் இல்லை, சபரிபீடம் இல்லை, கன்னிச்சாமிகள் சரக்கோல் என்ற அம்பைக் குத்தும் சரங்குத்தியும் இல்லை. முதல் ஆண்டுச் சாமியை இந்த வழியாகக் கூட்டிப்போவதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

மகரஜோதி நாளில் புல்மேடு வேண்டவே வேண்டாம். 2011 ஜனவரி 14 இரவு நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது இங்கேதான். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர்.

மழை எச்சரிக்கை வந்தால் இரண்டு காட்டு வழிகளையும் மூடிவிடுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் அப்படித்தான் மூடினார்கள். கார்த்திகையில் போகும் குழு பம்பையை மாற்று வழியாக மனதில் வைத்தே கிளம்ப வேண்டும். பெரிய பாதைக்கு நல்ல நேரம் மார்கழி முதல் வாரம்: மழை ஓய்ந்திருக்கும், மகரவிளக்குக் கூட்டமும் தொடங்கியிருக்காது.

வண்டி விஷயம் கடைசியில்தான் நினைவுக்கு வரும். எருமேலியில் வண்டியை விட்டவர்களுக்குப் பம்பையிலிருந்து பேருந்து உண்டு. சத்திரத்தில் விட்டவர்கள் 12 கி.மீ. ஏறித் திரும்ப வேண்டும், அதுவும் காலையில் மட்டுமே விடுவார்கள். இல்லையென்றால் டிரைவர் மலையைச் சுற்றி நிலக்கல்லுக்கு வந்து காத்திருக்க வேண்டும். காட்டுக்குள் போன் வேலை செய்யாது. எந்த நாள், எந்த நேரம், நிலக்கல்லில் எந்த பார்க்கிங் மைதானம் என்று சத்திரத்தில் இறங்கும்போதே பேசி, டிரைவரின் எண்ணை ஒவ்வொரு சாமியும் தாளில் எழுதி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.