ஷெப்பர்ட் கலப்பு நாய்: எல்லாம் நல்லதுதான், பைக்கைப் பார்க்கும்வரை

காப்பகத்தில் மூன்று வயது தாண்டிய ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு நாய் இருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். எங்கள் வீட்டில் இருப்பதும் அதே வகைதான். சாப்பாடு, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வளர்ந்த நாயை எடுப்பதில் பெரிய லாபம், குணம் முன்கூட்டியே தெரிந்துவிடுவது. பூனையைக் கண்டால் பாயுமா, தனியாக விட்டால் ஊளையிடுமா என்று காப்பகத்திலேயே கேட்கலாம். இந்த இனத்துக்கு வரும் இடுப்பு மூட்டுக் கோளாறும் இரண்டு வயதுக்குமேல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். 'இரு', 'வா' எல்லாம் சொல்லிக்கொடுத்த சில நாளிலேயே பிடித்துக்கொள்ளும். அந்தப் புத்திக்கு ஈடே இல்லை.

ஆனால் ஓடும் எதையும் துரத்தும். பைக், சைக்கிள், ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள், எதுவும் விலக்கில்லை. ஆட்டு மந்தையை மறித்துத் திருப்புவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம். திட்டுவது வீண். துரத்தியதும் வண்டி போய்விடுகிறது. நாயின் கணக்கில் அது வெற்றி. அதனால் ஒவ்வொரு துரத்தலும் பழக்கத்தை இறுக்கும்.

பிடிக்க வேண்டியது அதற்கு முந்தைய ஒரு நொடி. திறந்திருக்கும் வாய் மூடும், காது முன்னே நிமிரும், வால் அசைவு நிற்கும், உடல் எடை முன்னங்காலுக்குப் போகும். அப்போதே பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பாய்ந்தபிறகு காது கேட்காது.

பயிற்சிக்கு, வண்டி தெரிகிற ஆனால் நாய் பதறாத தூரத்தில் நில்லுங்கள். இருபது மீட்டரில் தொடங்கலாம். வண்டி கண்ணில் பட்டதுமே, சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. வாங்க மறுத்தால் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். சில நாள் அமைதியாக இருந்தபின் இரண்டு மீட்டர் குறைக்கலாம். நெஞ்சுப்பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பட்டை), ஆறடிக் கயிறு போதும். நீண்டு சுருளும் கயிறு வேண்டவே வேண்டாம், பாயும் வேகத்தில் கையை அறுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோலி, ஷெப்பர்ட் வகைகளில் சில நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை உண்டு. சொறிக்குக் கொடுக்கும் அளவில் ஐவர்மெக்டின் என்ற மருந்து அவற்றின் மூளைக்குள் தேங்கி உயிருக்கே உலை வைக்கும். கலப்பு நாய்க்கும் இது வரலாம். சொறிக்கு அந்த ஊசி போடுமுன் டாக்டரிடம் இனத்தைச் சொல்லி, ஃப்ளூராலனர் போன்ற மாத்திரை சரிவருமா என்று கேளுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இத்தனை புகழ்ந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அவர் வாசல் நேராகத் தெருவில் திறக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு. ஓடும் குதிகாலைக் கவ்வுவது இந்த நாய்க்கு விளையாட்டு, பிள்ளைக்கு அது கடி. அப்படியும் மனம் கேட்காவிட்டால், காப்பகத்து ஆளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, வேறொருவரைப் பத்து மீட்டர் தள்ளி ஒரு பைக்கை ஓட்டச் சொல்லுங்கள். கூப்பிட்டால் திரும்புகிற நாயாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.