அயர்லாந்தில் எம்.எஸ்சி. டெசர்டேஷன்: சர்வேயா, நேர்காணலா?

அயர்லாந்தில் மேனேஜ்மென்ட், மார்க்கெட்டிங் படிப்பவர்களுக்கு வசந்தப் பருவத் தேர்வு முடிந்ததும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். படிப்பு ஓராண்டு, 90 கிரெடிட். கோடை மாதங்கள் முழுக்க டெசர்டேஷன் என்ற ஆய்வேட்டுக்கு. கூகிள் ஃபார்மில் சர்வே எடுப்பதா, ஆளைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுவதா? நான் நேர்காணல் எடுத்தவன். திரும்பப் படித்தாலும் அதையே எடுப்பேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

சர்வேயின் வசதிகள் தெரிந்தவைதான்: சீக்கிரம் முடியும், எண்கள் கிடைக்கும், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினால் அட்டவணை வந்துவிடும். யார் நிரப்புகிறார்கள் என்பதில்தான் சிக்கல். தலைப்பில் ‘ஐரிஷ் நுகர்வோர்’ என்று இருக்கும். ஃபார்ம் போய்ச் சேருவது வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு. நிரப்புவது டப்ளினில் அறையைப் பகிர்ந்து தங்கியிருக்கும் நம் பிள்ளைகள். போன செப்டம்பரில் வந்திறங்கிய கோயம்புத்தூர்க்காரர் சூப்பர்வேல்யு சூப்பர்மார்க்கெட்டை விட்டு ஆல்டி சூப்பர்மார்க்கெட்டுக்கு ஏன் போகிறார் என்பது சுவையான விஷயம்தான். ஆனால் ஐரிஷ் குடும்பங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தலைப்பையே ‘அயர்லாந்தில் இந்திய மாணவர்கள்’ என்று மாற்றிக்கொண்டால் அதே தரவு நேர்மையான ஆய்வாகிவிடும். ஏனோ பலர் அதைச் செய்வதில்லை.

நேர்காணலில் கிடைப்பது வேறு மாதிரி. திப்பரேரி கவுண்டியில் ஒரு சிறு ஊர், அங்கே ஒரு கடைக்காரர். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்டேன். ‘விளம்பரமே கிடையாது’ என்றார். பேச்சு எங்கெங்கோ போய், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஹர்லிங் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் விளையாட்டு) ஜெர்சிக்கு வந்தது. ஊர் ஜிஏஏ (ஐரிஷ் பாரம்பரிய விளையாட்டுச் சங்கம்) கிளப்பின் பிள்ளைகள் அணிக்கு அவர்தான் ஸ்பான்சர். நெஞ்சில் கடைப் பெயர். அவர் கணக்கில் அது விளம்பரம் இல்லை, ஊருக்குச் செய்வது. என் கையில் ஒரு கேள்வித்தாள் இருந்திருந்தால் ஃபேஸ்புக், வானொலி, செய்தித்தாள் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருப்பேன். அவரும் ‘எதுவுமில்லை’யை டிக் அடித்திருப்பார். ஐரிஷ் சிறுதொழில் மார்க்கெட்டிங்கில் பெரிய பகுதி இப்படித்தான் ஒளிந்திருக்கிறது. (கடை என்ன கடை, ஊர் எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அந்த ஊரில் அந்த மாதிரிக் கடை ஒன்றே ஒன்றுதான். பெயரை மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.)

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்: ஆள் கிடைப்பது. எந்த முறை உயர்ந்தது என்ற தத்துவ விவாதத்தை முறையியல் அத்தியாயத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான். முன்பின் தெரியாதவர் மின்னஞ்சல் அனுப்பினால் சிறு முதலாளி திறந்துகூடப் பார்க்கமாட்டார். யாராவது சொல்லிவிட்டால் கதவு திறக்கும். பகுதிநேர வேலை பார்க்கும் இடத்து மேனேஜர், உள்ளூர் வணிகர் சங்கமான சேம்பர், சிறுதொழில்களுக்கு உதவ கவுண்டி தோறும் இருக்கும் லோக்கல் என்டர்பிரைஸ் ஆபீஸ், இவற்றில் ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள். ஒருவர் பேசி முடித்ததும், அடுத்து யாரைப் பார்க்கலாம் என்று அவரையே கேளுங்கள். சின்ன நாடு, ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும். ‘பத்து நிமிடம்தான்’ என்று உட்காருபவர் டீ வந்த பிறகு எழுந்திருக்கமாட்டார்.

ஆனால் காலம் பார்க்க வேண்டும். எதிக்ஸ் அனுமதி (ஆய்வு நெறிமுறைக்குப் பல்கலைக்கழகம் தரும் ஒப்புதல்) வருவதற்கு முன் யாரிடமும் தரவு சேகரிக்கக் கூடாது. ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள். ஆக, ஜூன், ஜூலைதான் உங்கள் கையில். அதே மாதங்களில்தான் ஸ்டாம்ப் 2 என்ற மாணவர் தங்கும் அனுமதியில் வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி, வாடகைக் கடனை அடைக்கும் காலமும் அதுதான். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் ஓடிவிடும். கெர்ரிப் பக்கத்து உச்சரிப்பைத் தானியங்கி மென்பொருள் படுத்தும் பாடு தனிக் கதை. வேலை, நேர்காணல் இரண்டையும் சமாளிக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: யாரையும் பார்க்காமல் ஆவணங்களை வைத்தே எழுதுவது. விமான நிறுவனமான ரயன்ஏர், உணவு நிறுவனமான கெர்ரி குரூப் போன்றவற்றின் ஆண்டறிக்கைகள் இலவசம். சிறு நிறுவனங்கள் என்றால் கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் சில யூரோவுக்குக் கணக்கு வாங்கலாம். ஆனால் சுருக்கக் கணக்கு தாக்கல் செய்ய அவற்றுக்குச் சட்டம் இடம் தருவதால் இருப்புநிலைக் குறிப்பு இருக்கும், விற்பனை எவ்வளவு என்பது இருக்காது. அப்புறம், நாட்டு அளவிலான எண்களை எடுக்கும்போது ஜிடிபியை (மொத்த உள்நாட்டு உற்பத்தி) அப்படியே நம்ப வேண்டாம். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளைக் கணக்கில் இங்கே மாற்றியதால் 2015-இல் அது ஒரே ஆண்டில் சுமார் 26 சதவீதம் ஏறியதாகக் கணக்கு வந்தது. அதன் பிறகுதான் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் திருத்திய தேசிய வருமானம் என்ற தனிக் கணக்கை வெளியிடத் தொடங்கியது. நாட்டு வருமானம் உங்கள் வாதத்தில் வந்தால் அதை எடுங்கள்.

ஃபைனான்ஸ் மாணவர்களுக்கு நான் சொல்வது பொருந்துமா என்று உறுதியில்லை. அங்கே எண்கள்தான் எல்லாமே; நான் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறையின் பக்கம் அதிகம் போனதில்லை. பிஎச்டி வேறு உலகம். மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட் என்றால் நேர்காணல்தான் என் ஓட்டு. ஆனால் ஜூன் கடைசிக்குள் மூன்று பேராவது ‘சரி, வாருங்கள்’ என்று சொல்லவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம். அன்றே சூப்பர்வைசரிடம் பேசி, ஆண்டறிக்கைகளுக்கு மாறிவிடுங்கள்.