மூன்று வருட வயர்கார்டு: விபிஎன் கனெக்ட் ஆகிறது, டேலி திறக்கவில்லை

மண்ணடியில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், பத்துப் பேர். மழையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்றால் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்துதான் வேலை. வீட்டு லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் டேலியை (கணக்கு மென்பொருள்) திறக்க ஓடுவது, ஒரு பழைய பிசியில் போட்ட வயர்கார்டு என்ற விபிஎன் சர்வர். மூன்று வருடத்தில் மென்பொருள் மக்கர் பண்ணியதே இல்லை. வந்த தொல்லை எல்லாம் ரூட்டில்தான், அதாவது பாக்கெட் போய் வரும் வழியில்.

முதலில் ஹேண்ட்ஷேக் நேரத்தை, அதாவது லேப்டாப்பும் சர்வரும் கடைசியாகக் கைகுலுக்கிய நேரத்தை, பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் டனல் (இரண்டுக்கும் இடையிலான விபிஎன் இணைப்பு) சரி, கீயைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டாம்.

பெரும்பாலும் நடப்பது முகவரி மோதல். ஆபீஸும் 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதும்), திருவொற்றியூர் வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1.0/24. டேலி இருக்கும் 192.168.1.10-ஐ லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடும். பாக்கெட் டனலுக்குள் நுழையவே நுழையாது. அவசரத்துக்கு, லேப்டாப்பின் வயர்கார்டு கான்ஃபிக்கில், எந்த முகவரிகள் டனலுக்குள் போகும் என்று சொல்லும் அலவ்டு ஐபி வரியில் 192.168.1.10/32 (அந்த ஒரே ஒரு முகவரி) என்று சேர்த்துவிடுங்கள். /24-ஐ விடக் குறிப்பான ரூட் என்பதால் அதுவே ஜெயிக்கும். நிரந்தரத் தீர்வு, ஆபீஸை 10.37.20.0/24 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றுவது. ஒரு ஞாயிறு போகும். பிரிண்டர், டிவிஆர், கைரேகை மெஷின் எல்லாவற்றிலும் கையால்தான் மாற்ற வேண்டும். ஆனாலும் செய்துவிடுங்கள்.

அடுத்தது திரும்பி வரும் வழி. வயர்கார்டு பிசி 10.37.20.5, இன்டர்நெட் ரவுட்டர் 10.37.20.1 என்று வைத்துக்கொள்வோம். டேலி மெஷின் பதிலை ரவுட்டரிடம் கொடுக்கும், ரவுட்டருக்கு 10.66.66.0 (விபிஎன்னில் வரும் லேப்டாப்களின் முகவரி வரிசை) யாரென்றே தெரியாது. ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள்: 10.66.66.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 10.37.20.5. சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தும் அமைப்பு) 1 ஆக இருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் விண்டோஸ் மெஷின் மட்டும் பிங்குக்குப் பதில் தராவிட்டால் அதன் ஃபயர்வாலைப் பாருங்கள். பிங், ஃபைல் ஷேரிங் விதிகள் பல நேரம் லோக்கல் சப்நெட்டோடு, அதாவது ஆபீஸ் முகவரி வரிசையோடு, நின்றுவிடும். டிவிஆர் மட்டும் வரவில்லையா? அதன் நெட்வொர்க் செட்டிங்கில் கேட்வே கட்டம் காலியாக இருக்கும்.

பிங் போகிறது, ஷேர் ஃபோல்டரும் திறக்கிறது, ஃபைலை இழுத்தால் மட்டும் தொங்குகிறது என்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இது அதிகம். வழக்கமான 1420-ஐ 1280 ஆக்கிப் பாருங்கள். சரியானால் மெல்ல ஏற்றலாம்.

ஹேண்ட்ஷேக்கே வராவிட்டால் ஆபீஸ் ரவுட்டரின் WAN (இன்டர்நெட் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது ப்ரொவைடரின் NAT-க்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறது. வயர்கார்டின் வழக்கமான போர்ட்டான யுடிபி 51820-ஐ எத்தனை தடவை ஃபார்வர்டு செய்தாலும் பலிக்காது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: ஒரே கான்ஃபிக் ஃபைலை இரண்டு பேருக்குக் கொடுக்காதீர்கள். சர்வர் கடைசியாகப் பேசியவரிடமே பதிலை அனுப்பும், இருவருக்கும் மாறிமாறி அறுந்துகொண்டே இருக்கும். ஆளுக்கொரு கீ, ஆளுக்கொரு /32.