லெட் செப்பலின் நான்காவது ஆல்பம்: கும்பகோணத்து ரசிகனின் நெடுநாள் அனுபவம்

லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு 1971-ல் வெளியிட்ட இந்த ஆல்பத்தைக் கேசட் காலத்திலிருந்து கேட்கிறேன். ஊரே கொண்டாடுவது 'ஸ்டேர்வே டு ஹெவன்'. என் ஓட்டு கடைசிப் பாட்டான 'வென் தி லெவி பிரேக்ஸ்'-க்குத்தான். 'லெவி' என்றால் வெள்ளம் தடுக்கும் ஆற்றங்கரை. 1927-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்த கதை. மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவுசெய்த, ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகைப் பாட்டு இதற்கு மூலம். கொள்ளிடக் கரையில் ராத்திரி மணல் மூட்டை அடுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டாம்.

பாட்டின் உயிர் ஜான் பான்ஹாமின் டிரம்ஸ். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸைப் போட்டு, மாடிப்படியில் உயரத்தில் மைக் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அடி நேராக வந்து சேராது. சுவரில் மோதி, படியேறி, கனத்து வரும். சுவாமி புறப்பாட்டில் கல் மண்டபத்துக்குள் தவில் முழங்கினால் நெஞ்சில் இறங்குமே, அந்தக் கனம். அதே தவில் ராஜவீதிக்கு வந்துவிட்டால் வேறு மாதிரி.

ஆகவே எதில் கேட்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். கேசட் ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயிற்று. போன் ஸ்பீக்கரில் போடவே போடாதீர்கள், ஹார்மோனிகா மட்டும் கீச்சிடும். இயர்பட்ஸில் நுணுக்கமெல்லாம் துல்லியம், ஆனால் அந்தக் கூடத்தின் விஸ்தாரம் வராது. இப்போது பழைய மர ஸ்பீக்கர் இரண்டையும் ரேழியில் வைத்து, முற்றத்தைத் தாண்டி உள்கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். முதல் அடிக்கே பீரோ கண்ணாடி அதிர்கிறது. இத்தனை வருஷத்தில் இதைவிட நன்றாகக் கேட்டதில்லை.

சினிமாவிலும் ராக்குக்கு இடம் விட வேண்டும். 'அபோகலிப்ஸ் நவ்' (1979) தொடக்கத்தில் இயக்குநர் கொப்போலா அதைச் செய்தார். வசனமே இல்லை. பச்சை மர வரிசை, ஹெலிகாப்டர் சத்தம், டோர்ஸ் குழுவின் 'தி என்ட்' பாட்டு மெல்ல ஏறும்போது காடு தீப்பிடிக்கிறது. காட்சி பாட்டுக்காகக் காத்து நிற்கிறது. 'தோர்: ரக்னராக்' (2017) படத்தில் லெட் செப்பலினின் 'இமிக்ரன்ட் சாங்' சண்டைக்குச் சூடேற்றுகிறது, நல்ல குஷி, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் 2008 வீட்டுக்கடன் சரிவைச் சொன்ன 'தி பிக் ஷார்ட்' (2015) மீது மட்டும் எனக்குத் தீராத மனக்குறை. 'லெவி'யை அவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, படம் முடிந்து பெயர்கள் ஓடும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தப் படம் பார்த்தால் தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு உட்காருங்கள்.