ஹாபி சார்ஜருக்கு மலிவான பவர் சப்ளை: லேப்டாப் அடாப்டரா, பழைய கம்ப்யூட்டர் சப்ளையா, போர்டு எஸ்எம்பிஎஸ்ஸா?

ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) விமானம், டிரோன், கார் என்று எதில் இறங்கினாலும் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வந்து நிற்கும். சார்ஜர் வாங்கியாகிவிட்டது, லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் வந்துவிட்டது, ஆனால் சார்ஜரில் வீட்டு பிளக்கில் சொருக ஒயரே கிடையாது, பக்கவாட்டில் ஒரு சின்னத் துளையும் '11 முதல் 18 வோல்ட் டிசி' என்ற எழுத்தும்தான் இருக்கும். அந்த 12 வோல்ட்டுக்கு எங்கே போவது?

சார்ஜருக்கென்றே விற்கும் பவர் சப்ளை இருக்கிறது, ஆனால் அதன் விலை பல சமயம் சார்ஜர் விலையையே தொட்டுவிடும். அதனால் வீட்டில் கிடப்பது, பழைய பொருள் கடையில் கிடைப்பது, எலக்ட்ரிக்கல் கடையில் வாங்குவது என்று மூன்று வழிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் எல்இடி போர்டுக்கும் சிசிடிவி கேமராவுக்கும் போடுவார்களே, துளைத்துளையாக இருக்கும் தகரப் பெட்டி, 230 வோல்ட்டை 12 வோல்ட் டிசி ஆக்கும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் வந்து நின்றுவிட்டேன். ஆகவே இது நடுநிலைத் தீர்ப்பெல்லாம் இல்லை.

முதலில் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் ஐமேக்ஸ் பி6 சார்ஜர் அதிகபட்சம் 50 வாட் தரும். 3எஸ் 2200 பேட்டரியை (மூன்று செல் தொடராக, 2200 எம்ஏஎச்) 1சி வேகத்தில், அதாவது அதன் கொள்ளளவுக்குச் சமமான கரண்டில், ஏற்றினால் 2.2 ஆம்ப், நிறையும் நேரத்தில் 12.6 வோல்ட், ஆக 28 வாட்தான். சார்ஜரே கொஞ்சத்தைச் சூடாக விட்டுவிடும் என்பதால் 50 வாட் வெளியே வர உள்ளே சுமார் 60 வாட் போக வேண்டும். 12 வோல்ட்டில் அது 5 ஆம்ப். அப்படியானால் 12 வோல்ட் 10 ஆம்ப் சப்ளை பி6-க்குத் தாராளம். '30 ஆம்ப் போட்டால் சீக்கிரம் ஏறுமா' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏறாது. சார்ஜர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும்.

உள்ளேயே 230 வோல்ட் சப்ளை வைத்து வரும் சார்ஜர்களைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே ஒயர், தொல்லை இல்லை, புதிதாகத் தொடங்குபவருக்கு நல்லதுதான். ஆனால் சின்னப் பெட்டிக்குள் இரண்டு சூடு, சப்ளை போனால் சார்ஜரையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் போனதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

லேப்டாப் அடாப்டர்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, எல்லார் வீட்டிலும் செத்த லேப்டாப் ஒன்றாவது கிடக்கிறதே. மூடிய பெட்டி, சத்தம் இல்லை, கைபடும் இடத்தில் 230 வோல்ட் இல்லை. சிக்கல் வோல்ட்டேஜில்தான். இப்படிக் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட். பி6-இன் எல்லை 18. சில அடாப்டர்களின் முனை பி6-இன் துளையில் அப்படியே பொருந்திவிடும் என்பதுதான் இதில் ஆபத்து, பொருந்துகிறதே என்று சொருகிவிடத் தோன்றும். 'நான் ரொம்ப நாளாக 19-இல்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சார்ஜர், அவர்கள் பாடு. பழைய திங்க்பேட் லேப்டாப்புகளுக்கு வந்த 16 வோல்ட் 4.5 ஆம்ப் அடாப்டர் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள். 72 வாட், எல்லைக்கு உள்ளே இருக்கிறது, பி6-க்குக் கச்சிதம். ஐஎஸ்டிடி க்யூ6 ப்ரோ, டூல்கிட்ஆர்சி எம்6 போன்ற பிந்தைய சார்ஜர்கள் 7 வோல்ட்டிலிருந்து 28, 30 வரை ஏற்கும். அவற்றுக்கு 19.5 வோல்ட் 90 வாட் அடாப்டர் நல்ல இலவச வழிதான், அந்த 90 வாட் போதும் என்றால்.

அடுத்தது பழைய கம்ப்யூட்டர் சப்ளை, அதாவது ஏடிஎக்ஸ். பெரிய பிளக்கில் இருக்கும் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகும், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு நெகட்டிவ். சென்னை ரிச்சி தெருவில் பழையது சல்லிசாகக் கிடைக்கும், வீட்டுப் பரணிலேயே ஒன்று இருக்கவும் வாய்ப்பு உண்டு. மூன்று முள் ஒயர், சுவிட்ச், மூடிய பெட்டி எல்லாம் ஏற்கெனவே இருப்பதால், பாதுகாப்பில் இது என் தகரப் பெட்டியைவிட ஒரு படி மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிமேல் '450 வாட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று பாருங்கள், நமக்கு அதுதான் கணக்கு.

ஆனால் இதை வைத்துச் சார்ஜ் போடும்போது ஒரு கூத்து நடக்கும். ஆரம்பத்தில் நன்றாக ஓடும், முக்கால்வாசி ஏறியதும் சார்ஜர் பீப் அடித்து, உள்ளே வரும் வோல்ட்டேஜ் போதவில்லை என்று நின்றுவிடும். திரும்பப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். பேட்டரி கெட்டுவிட்டதோ, சார்ஜர் போலியோ என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. சப்ளையைத் தேர்ந்தெடுப்பதில் நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலே வைக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது: சுமை ஏறும்போது அந்த 12 வோல்ட் 12 ஆகவே நிற்கிறதா?

சார்ஜர் ஒரு பல்பு மாதிரி இல்லை. பல்புக்கு வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும், வெளிச்சம் மங்கும், அவ்வளவுதான். சார்ஜருக்கு வாட் குறையக் கூடாது. 60 வாட் வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்ப் இழுக்கும், வோல்ட்டேஜ் 11-க்கு இறங்கினால் 5.5 ஆம்ப் இழுக்கும். கரண்ட் ஏறினால் ஒயரில் இழப்பு கூடும், அதனால் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும், அதற்கு இன்னும் கரண்ட். இப்படியே போய் 11-இன் விளிம்பைத் தொட்டதும் சார்ஜர் கையை விரித்துவிடும். ஏன் முக்கால்வாசியில் என்றால், ஒரே ஆம்பில் ஏற்றும்போது பேட்டரி வோல்ட்டேஜ் ஏற ஏற வாட்டும் ஏறுகிறது. 3எஸ் பேட்டரிக்கு 4 ஆம்ப் கொடுத்தால் 11.1 வோல்ட்டில் 44 வாட், 12.6-இல் 50 வாட். உச்சம் கடைசியில்தான் வருகிறது, நாம் டீ குடிக்க எழுந்துபோன நேரத்தில். (லைப்போவைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது என்பது வேறு கதை.)

ஏடிஎக்ஸில் 12 வோல்ட் என்பதற்கு 5 சதவீதம் முன்பின் அனுமதி உண்டு, ஆக 11.4 இருந்தாலும் கணக்குப்படி அது சரியான சப்ளைதான். அதற்கு மேல், பழைய மலிவு ரகங்களில் 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துவார்கள். 5 வோல்ட் பக்கம் சுமையே இல்லாமல் 12-ஐ மட்டும் இழுத்தால், 12 தொங்கி 5 மேலே போகும். சிவப்புக்கும் (அதுதான் 5 வோல்ட்) கறுப்புக்கும் நடுவில் 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு அரை ஆம்ப் பொய்ச் சுமை கொடுப்பது இதற்குப் பழைய வைத்தியம். பெரும்பாலும் வேலை செய்யும், ரெசிஸ்டர் மட்டும் நன்றாகச் சுடும், எங்காவது காற்றுப் படும் இடத்தில் கட்டுங்கள். கொஞ்சம் நல்ல புது சப்ளைகளில் இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அவற்றை யார் பரணில் போடுகிறார்கள்?

இதில் ஒயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயர் ஒரு மீட்டர் நீளம் போய்த் திரும்பினால் 5 ஆம்பில் 0.4 வோல்ட் பக்கம் தின்றுவிடும். 11.4-இல் 0.4 போனால் 11. பிரச்சினை அங்கேயே முடிந்தது. அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்கூட இல்லை.

போர்டு எஸ்எம்பிஎஸ் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். டெர்மினல் வரிசையின் ஓரத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும், பக்கத்தில் வோல்ட்டேஜ் அட்ஜஸ்ட் என்று போட்டிருக்கும். மல்ட்டிமீட்டரை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பி 13 வோல்ட்டுக்கு ஏற்றி வைத்துவிட்டால், ஒயர் கொஞ்சம் தின்றாலும் சுமையில் கொஞ்சம் தொங்கினாலும் சார்ஜர் வாசலில் 12-க்குக் குறையாமல் நிற்கும். ஒற்றைத் திருகு, வேறொன்றும் வேண்டாம். ஏடிஎக்ஸில் இதைச் செய்ய உள்ளே சர்க்யூட்டில் கை வைக்க வேண்டும், அடாப்டரில் முடியவே முடியாது. 13-க்கு மேல் வைக்கத் தேவையில்லை. வோல்ட்டேஜை ஏற்றினால் மொத்த வாட் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள், 120 வாட் பெட்டி 13-இல் 9 ஆம்ப் சொச்சம்தான் தரும்.

இன்னொரு பெரிய வசதி, எந்த ஊரிலும் கிடைக்கும். சிசிடிவி மாட்டுகிறவர்களும் கடைக்கு எல்இடி போர்டு போடுகிறவர்களும் இருக்கும் ஊரில் இது இல்லாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடப் போவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் சப்ளை புகைந்தாலும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் போய் இன்னொன்றை வாங்கிவிடலாம். பெயரில்லாத 10 ஆம்ப் பெட்டி சில நூறு ரூபாய். மீன்வெல் மாதிரி நல்ல ரகம் என்றால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். எல்ஆர்எஸ்-150-12 என்ற மாடல் 12.5 ஆம்ப், ஃபேன் கிடையாது, சத்தமும் இல்லை, பி6 இரண்டை ஒரே நேரத்தில் ஓட்டலாம். பெயரில்லாத ரகத்தில் போட்டிருக்கும் ஆம்பில் அறுபது, எழுபது சதவீதத்துக்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை. கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும், அதே ஆம்ப் போட்ட இரண்டு பெட்டியில் கனமாக இருப்பதை எடுங்கள்.

சரி, இதன் மோசமான பக்கம். 230 வோல்ட் டெர்மினல் திறந்து கிடக்கிறது, ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தாலும் அது பேருக்குத்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை அப்படியே மேசைமேல் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு சுவிட்ச் பாக்ஸிலோ பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸிலோ காற்றோட்டத்துக்கு வழி விட்டு மாட்டுங்கள். பல பெட்டிகளின் பக்கவாட்டில் 115க்கும் 230க்கும் மாற்றும் சின்ன சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருந்து நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால் ஒரே வெடி. அப்புறம் எர்த். எர்த் இல்லாமல் விட்டால் தகரத்தைத் தொட்டதும் சுருக்கென்று இருக்கும், உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியே வரும் கசிவு அது. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது, டெஸ்ட்டரால் தொட்டுப் பார்த்து ஏமாறாமல் எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, தூசியும் பல்லியும்தான். அந்தத் துளைகள் வழியே பல்லி உள்ளே போனால் பல்லியும் போச்சு, பெட்டியும் போச்சு. துளைமேல் கொசுவலை ஒட்டலாம், ஆனால் சூடு வெளியேறுவது குறையும், எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பார்கள். நான் வலை ஒட்டி, ஆம்பைக் குறைத்து ஓட்டுகிறேன்.

இந்த இடத்தில் சர்வர் சப்ளை ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். எச்பி சர்வரில் இருந்து கழற்றிய 460 வாட் சப்ளை 12 வோல்ட்டில் 38 ஆம்ப் தரும், சுமை கொடுத்தாலும் வோல்ட்டேஜ் அசையாது, தரத்தில் என் தகரப் பெட்டி பக்கத்திலேயே வர முடியாது. பெரிய 6எஸ் பேட்டரிகளைக் கும்பலாக ஏற்றுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் ஆன் செய்யச் சரியான இரண்டு முனைகளை இணைக்க வேண்டும், அல்லது கிரிப்டோ மைனிங்காரர்களுக்கு விற்கும் போர்டு ஒன்று வாங்க வேண்டும், ஃபேன் சத்தத்தில் வீட்டில் யாராவது கத்துவார்கள். ஒருவரிடம் கடன் வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டியதுதான் என் அனுபவம், ஆயுள் பற்றி நான் பேசுவது சரியாக இருக்காது. 24 வோல்ட்டுக்காக இரண்டைத் தொடராக இணைப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். இவற்றின் நெகட்டிவ் தகரப் பெட்டியோடும் எர்த்தோடும் சேர்ந்திருப்பதால், அப்படியே தொடராகப் போட்டால் ஒன்று ஷார்ட் ஆகும், அதைத் தவிர்க்க எர்த்தை வெட்டிவிடுகிறார்கள், அது இன்னும் மோசம். க்யூ6 ப்ரோ மாதிரி 300 வாட் சார்ஜரின் முழு பலமும் 12 வோல்ட்டில் வராது, 24 வேண்டும் என்பது உண்மை. அதற்கு மீன்வெல் எல்ஆர்எஸ்-350-24 நேராகவே 24 வோல்ட் 14.6 ஆம்ப் தருகிறதே.

டைப்-சி அடாப்டரில் இருந்து 15 வோல்ட் எடுக்கும் குட்டி டிரிகர் போர்டும் வந்துவிட்டது. 15-இல் 3 ஆம்ப், 45 வாட், பி6-இல் ஆம்பைக் குறைத்து வைத்தால் ஓடுகிறது. பயணத்துக்கு நல்லது. தினசரிக்கு நான் நம்பும் அளவுக்கு இன்னும் ஓட்டவில்லை.

கரண்ட் போகும் ஊரில் இருந்தால் கடைசியாக ஒன்று. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியே ஒரு அருமையான 12 வோல்ட் சப்ளை, பி6 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே 10 ஆம்ப் ஃபியூஸ் போடாமல் ஒயர் இழுக்காதீர்கள், ஷார்ட் ஆனால் ஒயர் கம்பியாகப் பழுத்துவிடும். இரட்டை பேட்டரி இன்வெர்ட்டர் என்றால் மொத்தம் 24 வோல்ட், அதில் சொருகினால் பி6 கெட்டுப்போகும். ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் எடுத்தால் இரண்டும் சமமாக இல்லாமல் போய் இன்வெர்ட்டர் பேட்டரிக்கே சீக்கிரம் வேலை வைக்கும், ஆகவே ஒற்றை பேட்டரி வீட்டுக்கு மட்டும் இந்த வழி.