பேட்டரியா, ஃபிளாஷா, கிளவுடா: சேமித்த ஆட்டம் எதில் நிலைக்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் சாட்ஸ்வொர்த் பக்கம், பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்களை (கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டிகளை) பத்திரமாக வைத்திருக்கும் தமிழ் வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "லோட் ஷெடிங் வந்து சேவ் எல்லாம் போச்சு." லோட் ஷெடிங் என்றால் முறை வைத்துக் கரன்டை நிறுத்துவது; சேவ் என்றால் ஆட்டத்தில் எட்டிய இடத்தின் பதிவு. கரன்ட் போவதால் சேவ் அழிவது உண்டு. ஆனால் அந்தப் பழியில் பாதி பேட்டரியைச் சேர வேண்டியது.

முதலில் பாஸ்வேர்டு முறை: எட்டிய இடத்தை ஆட்டம் ஒரு குறியீடாகக் காட்டும், அடுத்த முறை அதைத் தட்டினால் அங்கிருந்தே தொடரலாம். கோல்டன் சைனா மாதிரி டிவி கேம் வாங்கியவர்களுக்கு இது பழக்கம். மெட்ராய்டு என்ற ஆட்டத்தில் 24 எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கருவிக்குள் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, அதனால் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. தாள் தொலையாதவரை சரி. பெரிய ஆட்டத்துக்கு இது போதாது.

அடுத்தது பேட்டரி. 1987-இல் அமெரிக்காவில் வந்த நின்டென்டோவின் செல்டா ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜில் 8 கிலோபைட் எஸ்ரேம் என்ற நினைவக சிப்பும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரியும் இருந்தன. எஸ்ரேமுக்கு மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும். கன்சோலை அணைத்ததும் பேட்டரிதான் அதற்குச் சோறு போடுகிறது. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் இருபது வருடம் தாண்டியும் சில பேட்டரிகள் உயிரோடு இருக்கின்றன. அந்த செல்டாவில் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவரை அணைக்கச் சொல்வார்கள். வோல்டேஜ் இறங்கும் நொடியில் பிராசசர் தடுமாறி எஸ்ரேமில் குப்பையை எழுதிவிடலாம், அதைத் தடுக்கத்தான். திடீரென்று கரன்ட் போகும்போது யார் ரீசெட்டை அழுத்துவது? லோட் ஷெடிங் மேல் சொல்லும் குற்றச்சாட்டு இந்த இடத்தில் நியாயமானதுதான்.

கேம் பாயின் போகிமான் கோல்டு, சில்வர் ஆட்டங்கள் இரண்டும் இதைவிட மோசம். கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால், முந்தைய போகிமான் ஆட்டங்களான ரெட், புளூவைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஒருநாள் போட்டால் புது ஆட்டம் தொடங்கச் சொல்லும், அவ்வளவுதான்.

ஈப்ராம், ஃபிளாஷ் என்ற நினைவக சிப்கள் மின்சாரம் நின்றாலும் மறக்காது, அதனால் இரண்டுக்கும் பேட்டரி வேண்டாம். சூப்பர் மாரியோ 64 வெறும் 512 பைட் ஈப்ராமில் எல்லாவற்றையும் அடக்கியது. நின்டென்டோ 64 கன்சோலின் இரண்டு செல்டா ஆட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1998-இல் வந்த ஆக்கரினாவில் பேட்டரி, 2000-இல் வந்த மஜோராவில் ஃபிளாஷ். இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் மஜோராவின் சேவ்-ஐ நம்பலாம், ஆக்கரினாவுடையதைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும். பின்னால் வந்த போகிமான் ரூபியில் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று வந்தால் பதற வேண்டாம். சேவ் ஃபிளாஷில் இருக்கிறது, நிற்பது கடிகாரம் மட்டும்தான்.

ஃபிளாஷுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும், நடுவில் கரன்ட் போனால் இரண்டும் இல்லாமல் போகலாம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1994-இன் சோனிக் 3 என்ற ஆட்டம். அதில் இருப்பது எஃப்ரேம் என்ற இன்னொரு வகை நினைவக சிப். பேட்டரியும் வேண்டாம், அழித்து எழுதக் காத்திருக்கவும் வேண்டாம். இன்னும் நிறைய கார்ட்ரிட்ஜ்களில் அதைப் போட்டிருக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் மெமரி கார்டு 128 கிலோபைட் ஃபிளாஷ்தான், ஆட்டக்காரருக்கு 15 பிளாக் கிடைக்கும். மாமா வீட்டுக்குப் பையில் போட்டுக் கொண்டுபோய், அண்ணனின் கார்டில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். அந்தச் சுதந்திரம் இப்போது குறைந்துவிட்டது. நின்டென்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் சேவ் கருவியின் உள்நினைவகத்திலேயே தங்கும், கேம் கார்டிலோ மைக்ரோ எஸ்டியிலோ ஏறாது. பிளேஸ்டேஷன் 5 ஆட்டங்களின் சேவ்-ஐ யுஎஸ்பியில் எடுக்க முடியாது. கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே நிறுவனத்தின் சர்வரில் பிரதி வைக்க, சந்தா கட்ட வேண்டும். கரன்ட் இல்லாதபோது ரவுட்டரும் படுத்துவிட்டால் கடைசி சேவ் மேலே ஏறாது. புதுக் கன்சோல் வைத்திருப்பவர்கள் அதற்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் போதும்.

பழைய கார்ட்ரிட்ஜ்களில் அவசரம் பேட்டரி உள்ளவற்றுக்குத்தான், அதிலும் கோல்டு, சில்வர் முதலில். கேம் பாய்க்கு ஜிபிஎக்ஸ்கார்ட், சூப்பர் நின்டென்டோவுக்கு ரெட்ரோட் போன்ற, கார்ட்ரிட்ஜைக் கணினியுடன் இணைக்கும் கருவியால் சேவ்-ஐ முதலில் கணினிக்கு இறக்குங்கள், ஏனெனில் பேட்டரியைக் கழற்றினாலே சேவ் போய்விடும். பிறகு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் (கார்ட்ரிட்ஜ் திருகுக்கான ஸ்க்ரூடிரைவர் முனை) கொண்டு திறந்து, சால்டர் செய்ய உலோகப் பட்டை வைத்த புதுப் பேட்டரியைச் சால்டர் செய்து, சேவ்-ஐத் திரும்ப ஏற்றுங்கள். சால்டர் செய்யாமல் பேட்டரியைச் செலோடேப் போட்டு ஒட்டுவது டர்பனின் கடல் ஈரத்தில் நிற்காது.