ஆயில் குடிக்கும் பழைய காரும் தக்கலைப் பணிமனையும்: ஒரு மதிப்புரை

பழைய பெட்ரோல் கார் ஆயில் குடிக்கிறது என்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ போய்ச் சொன்னால், இன்ஜினை இறக்க வேண்டும் என்ற தீர்ப்போ, கெட்டியான ஆயிலை ஊற்றிச் சில மாதம் ஓட்டிவிட்டு விற்றுவிடுங்கள் என்ற யோசனையோதான் பெரும்பாலும் கிடைக்கும். அளந்து பார்த்த பிறகு பேசுகிற இடம் அரிது. தக்கலைக்கு அருகே, ஓட்டுக்கூரையும் ஒரு சிறிய முற்றமும் மட்டுமே உள்ள பணிமனை ஒன்று அப்படிப்பட்டதாக இருந்ததால் இதை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று அதை நடத்தும் மேஸ்திரி கேட்டுக்கொண்டார். இருக்கிற வண்டிகளுக்கே முற்றத்தில் இடமில்லை என்பது அவர் சொன்ன காரணம். போய்ப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

எங்கள் வண்டி பத்தாண்டைக் கடந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் பதிவெண்ணுடன் ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி, தடையின்மைச் சான்று பெற்று, இங்கே சாலை வரி கட்டி, டி.என். 75 எண்ணுக்கு மாற்றியது. வாங்கியபோது இன்ஜின் கழுவித் துடைக்கப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. ஓடத் தொடங்கிய பிறகுதான், ஆயிலை அளந்து பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் வேகமாக இறங்குவது தெரியவந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை; ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை எழும்பிச் சற்று நேரத்தில் அடங்கிவிடும். முதலில் காட்டிய பெரிய பணிமனை ஒன்றில், எந்தக் கருவியையும் கையில் எடுக்காமலேயே, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் போய்விட்டது, 45,000 ரூபாய் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தக்கலை மேஸ்திரி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார், ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தைத் தடவிப் பார்த்தார், பிறகு சொன்னது இவ்வளவுதான்: “இப்பம் இன்ஜினைத் தொறக்காண்டாம் சார். எவ்வளவு குடிக்குன்னு மொதல்ல அளந்து பாப்போம்.” சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, மேல் கோடு வரை ஆயில் நிரப்பினார். ஆயில் மூடியிலும் அடியில் ஆயிலை வடிக்க உள்ள ட்ரெயின் போல்ட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். இடையில் யாரேனும் திறந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கிலோமீட்டர் கணக்கைக் குறித்துக்கொண்டு, 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச் சொன்னார். இடையில் மட்டம் கீழ்க் கோட்டை நெருங்கினால் அளவுக் கோடு போட்ட குவளையில் மட்டுமே அளந்து ஊற்ற வேண்டும் என்பது நிபந்தனை. கணக்குப் பார்த்தபோது ஏறத்தாழ 700 மில்லி குறைந்திருந்தது.

இந்த அளவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் வண்டி வைத்திருக்கும் பலர் குழம்புகிறார்கள். டொயோட்டாவின் பல கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை செலவாவதை உச்ச அளவாகக் குறிப்பிடுகின்றன. ஆகவே விற்பனையாளரிடம் முறையிட்டால் இது வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அவர் வாதிட இடமுண்டு. நல்ல நிலையில் உள்ள இன்ஜினோ ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஊற்றவே தேவையில்லாத அளவுக்குச் சிறிதளவே செலவழிக்கும். சிறிய கார்களில் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான் இருக்கும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸுக்கு விட்டால் போதும் என்று இருப்பவரின் வண்டி இந்த வேகத்தில் குடித்தால், அடுத்த சர்வீஸை எட்டுவதற்கு வெகு முன்பே ஆயில் தொட்டி காலியாகிவிடும். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குகள் ஏற்கெனவே அடிவாங்கத் தொடங்கியிருக்கக்கூடும். மேஸ்திரி இதைப் பொறுமையாக விளக்கினார் என்பதையும் அவருடைய சேவையில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து அவர் கைவைத்தது மிக மலிவான உதிரிப்பாகத்தில். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும் வாயுவை மீண்டும், காற்றை உள்ளே எடுக்கும் உள்ளிழு குழாய்க்கு அனுப்பும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் வழியாகக் கசியும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவியோடு சேர்ந்து இழுக்கப்பட்டு எரிந்துபோகும். எங்கள் வண்டியில் அது பிசுக்கேறி அசையாமல் இருந்தது, அதன் ரப்பர் குழாயும் வெடித்திருந்தது. சில நூறு ரூபாயில் இரண்டையும் மாற்றினார். குடிக்கும் அளவு கொஞ்சம் குறைந்ததே தவிர, காலைப் புகை நிற்கவில்லை.

அதன் பிறகு நடந்த சோதனைகளுக்காகவே இந்தப் பணிமனையைப் பரிந்துரைக்கலாம். நீலப் புகை எப்போது வருகிறது என்பதை வைத்தே குற்றவாளியை ஓரளவு அடையாளம் காணலாம் என்பது அவருடைய முறை. பாரம் ஏற்றி மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது தொடர்ந்து புகைத்தால் ரிங் மீது சந்தேகம் விழும். இரவு முழுவதும் நின்ற வண்டி முதல் ஸ்டார்ட்டில் புகைத்தாலும், நெடிய இறக்கத்தில் கியரிலேயே இறங்கிவிட்டு மீண்டும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் கணத்தில் புகைத்தாலும் சந்தேகம், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் பக்கம் திரும்பும். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது உள்ளிழு குழாயில் வெற்றிடம் மிகுந்து, இறுகிப்போன ரப்பர் சீலைத் தாண்டி, வால்வுத் தண்டு ஓடும் குழாயான வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சிவிடும். இதைப் பார்க்க அவர் வண்டியைக் குலசேகரத்துக்கு ஓட்டிச் சென்று, பேச்சிப்பாறைச் சாலையின் ஏற்ற இறக்கங்களில் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, தாம் பைக்கில் பின்னால் வந்து புகையைப் பார்த்தார். தேசிய நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

மறுபடி பணிமனைக்கு வந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டு பிளக்குகள் கரிய ஈரப் பிசுக்குடன் இருந்தன. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தபோது நான்கு சிலிண்டர்களும் 12 பார் என்ற நல்ல அளவை ஒட்டியே காட்டின. பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவு சட்டென்று ஏறும், இங்கே ஏறவில்லை. இத்துடன் ரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன், ஆனால் அவர் சொல்லவில்லை. கம்ப்ரஷனைத் தாங்குவது மேலிருக்கும் இரண்டு ரிங்குகள்; சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்தெடுப்பது மூன்றாவதான ஆயில் ரிங். அந்த மூன்றாவது கரியேறி இறுகிப்போனாலும் கேஜ் நல்ல அளவையே காட்டும். எனவே சீலை மாற்றிய பிறகும் மிச்சம் ஒரு பங்கு குடிக்கலாம் என்று, வேலைக்குச் சம்மதம் கேட்பதற்கு முன்பே தெரிவித்துவிட்டார். இந்த ஊரில் ஒரு மெக்கானிக் தம் வேலையின் எல்லையை முன்கூட்டியே சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

வால்வு சீல் மாற்ற இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். அவர் இறக்கவில்லை. வால்வு கவரையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டையும் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனாக மேல்நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி வால்வுகள் உள்ளே விழாமல் தாங்கவைத்தார். பிறகு ஸ்பிரிங்கை அழுத்தி, வால்வு லாக்கை எடுத்து, பழைய சீலை உருவிப் புதியதைத் தட்டினார். வெளியே வந்த சீல்கள் நகத்தால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்குக் கல்லாகியிருந்தன. ஹெட் கேஸ்கெட் செலவும் லேத் வேலையும் மிச்சம். வால்வு கவர் கேஸ்கெட், ஆயில், ஃபில்டர் உட்பட மொத்தச் செலவு 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. சோதனைக் கட்டணம் தனி. பார்த்ததற்கெல்லாம் காசா என்று பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் சலித்துக்கொண்டார். அந்தக் கட்டணம்தான் எனக்கு 45,000 ரூபாயை மிச்சப்படுத்தியது என்பதால் அந்தச் சலிப்பில் என்னால் சேர முடியவில்லை.

கெட்டியான ஆயிலைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து உண்டு. கையேடு 5டபிள்யூ-30 என்ற இளகிய தரத்தைச் சொல்லும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான தரத்தை ஊற்றினால் புகை குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் வால்வு டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை, மாற்றும் அமைப்புள்ள இன்ஜின்களில் ஆயில் செல்லும் துளைகள் நுண்ணியவை, அங்கே கெட்டி ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. கையேடு அனுமதிக்கும் பட்டியலிலேயே சற்றுக் கெட்டியான தரத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே அவர் ஒப்புக்கொள்ளும் சலுகை. எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும் என்பதும், மாசுச் சான்றுக்குப் போகும்போது அந்த வினை தெரியும் என்பதும் அவர் கூட்டிச் சொன்னவை.

குறைகளும் உண்டு. செலவு மதிப்பீட்டை எழுதித் தரமாட்டார், வாய்மொழிதான். கேட்டால்தான் ரசீது கிடைக்கும். உதிரிப்பாகம் நாகர்கோவிலில் இல்லையென்றால் திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும், அதுவரை வண்டி முற்றத்திலேயே கிடக்கும். மழைக்காலத்தில் அந்த முற்றம் சேறாகிவிடுகிறது. தொலைபேசியை எடுப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. ஏ.சி., எலெக்ட்ரிக்கல், பாடி வேலைகளுக்கு வேறிடம் பார்ப்பதே நல்லது. அவரும் அதையே சொல்கிறார்.

இப்போது காலைப் புகை இல்லை. 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது, அதாவது ஆயில் ரிங்கைப் பற்றிய அவருடைய எச்சரிக்கை பொய்யாகவில்லை. இதற்காக இன்ஜினைத் திறப்பது வண்டியின் விலைக்குக் கட்டுப்படியாகாது என்பது எங்கள் இருவரின் முடிவு. பெட்ரோல் போடும் இடத்தில் அவ்வப்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றிக்கொள்கிறேன். போக விரும்புவோர் இரண்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஆயில் தொடர்பான புகாரென்றால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவர வேண்டும், ஏனெனில் மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினின் முதல் ஸ்டார்ட்டை அவரே செய்து பார்க்காமல் வேலையை ஏற்றுக்கொள்வதில்லை.